தீக்காயமும் இரவல் தோலும்



இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் தோல். நம் உடம்பைப் போர்த்திக் காக்கும் இந்தத் தோல் வெந்துபோனால் என்ன செய்கிறார்கள், ஒருவர் தோலை இன்னொருவருக்கு வைத்து ஒட்ட முடியுமா, முடியாதென்றால் ஏன், அதற்கு மருத்துவ அறிஞர்கள் கண்ட வழிகள் எவை என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அடுப்பில் கொதித்த தண்ணீர் கவிழ்ந்து ஒரு குழந்தை வெந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்து, "ஆழமான புண். தோல் வைத்து ஒட்ட வேண்டும்" என்கிறார். பெற்றவள் உடனே என்ன சொல்வாள்? "என் தோலை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, பிள்ளையின் உடம்பில் கத்தி வைக்காதீர்கள்" என்பாள். எந்தத் தாயும் சொல்லக்கூடிய சொல்தான் இது. ஆனாலும் டாக்டர் அதற்கு இணங்காமல், குழந்தையின் தொடையிலிருந்தே தோலை எடுக்கிறார். வெளியே காத்திருக்கும் உறவினர் மனம் நோகிறார்கள். "இருக்கிற புண் போதாதென்று இன்னொரு புண்ணா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் தோல் என்பது என்ன? அது இரண்டு அடுக்கு உள்ள போர்வை. மேலே இருப்பது மேல்தோல். தாளைப் போல மெல்லியது. அடியிலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். மேலே தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். இரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்தப் போர்வைதான் உடம்பின் நீரை வெளியே போகாமலும், வெளியிலுள்ள கிருமியை உள்ளே வராமலும் காக்கிறது.

மேல்தோல் மட்டும் வெந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மயிர்க்கால்களின் அடியில் ஒளிந்திருக்கும் விதை அணுக்கள் முளைத்து வந்து புண்ணை மூடிவிடும். ஆனால் உள்தோலும் முழுவதுமாக வெந்துவிட்டால் அந்த விதை அணுக்களும் அழிந்துவிடுகின்றன. விதையே இல்லாத நிலத்தில் பயிர் எங்கிருந்து முளைக்கும்? அப்படிப்பட்ட புண்ணைத் தோல் வைத்துத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் நீர் வடிந்துகொண்டே இருக்கும். கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்துவிடும். பெரிய தீக்காயம் பட்டவர்களில் பலரைக் கொல்வது தீயல்ல, பின்னால் வரும் கிருமியே.

சொந்தத் தோலை எப்படி எடுக்கிறார்கள்? தொடையிலிருந்து மேல்தோலையும், உள்தோலில் ஒரு மெல்லிய பகுதியையும் மட்டும் சீவி எடுக்கிறார்கள். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது என்று பழக்குகிறோம் அல்லவா? அப்படிச் சீவினால்தான் பட்டை மறுபடியும் வளரும். தொடையிலும் அப்படியே. அடியில் மயிர்க்கால்கள் மிச்சமிருப்பதால், எடுத்த இடம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்கிறது.

எடுத்த தோலைச் சுத்தம் செய்த புண்ணின்மேல் பரப்புகிறார்கள். முதல் இரண்டு நாள், அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே அந்தத் தோல் உயிர் வாழ்கிறது. பிறகு புண்ணிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் தோலின் குழாய்களோடு இணைகின்றன. ஒரு வாரத்திற்குள் இரத்தம் ஓடத் தொடங்குகிறது. தோல் பிடித்துவிட்டது என்கிறோம்.

தோல் போதாவிட்டால், அதைச் சிறு சிறு கீறல் போட்டு மீன்வலைபோல இழுத்து விரிப்பார்கள். ஒரு பங்கு தோல் மூன்று பங்கு இடத்தை மூடும். வேண்டுமானால் அதற்கு மேலும் விரியும். வலையின் கண்களில் தோல் பிறகு தானாக வளர்ந்து நிரம்பிவிடும்.

ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனவருக்கு என்ன செய்வது? நம் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, நம் உடம்புப் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் எழுபது உள்ளங்கை அளவு வெந்தவரிடம் மிச்சமிருக்கும் நல்ல தோல் முப்பது உள்ளங்கை அளவுதான். அதிலும் முகம், கைவிரல் போன்ற இடங்களிலிருந்து எடுக்க முடியாது. அப்போதுதான் பிறர் தோல் என்ற எண்ணம் எழுகிறது.

இங்கே நம் தோட்டத்தையே பார்ப்போம். நாற்று மேடையில் ஒட்டுக் கட்டுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்? விதையில் முளைத்த கன்றின் அடித்தண்டில் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதில் செருகி, நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்க்கிறார்கள். பட்டை பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்தது. பிறகு அந்த மொட்டு மரமாகி, வேர் ஒன்று, தண்டு வேறொன்றாக, பல ஆண்டுகள் ஒன்றாகவே வாழ்கின்றன. வேர் தண்டைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதில்லை.

மனித உடம்பு அப்படியல்ல. அது கேட்கிறது. கேட்டுவிட்டு விரட்டியும் விடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் இருவர்.

இரண்டாம் உலகப் போரின் காலம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பீட்டர் மெடவார் என்ற இளம் விலங்கியல் அறிஞர் இருந்தார். அவர் வீட்டுக்கு அருகில் ஒரு போர் விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்தவருக்கு உடம்பெங்கும் தீக்காயம். அதைப் பார்த்ததிலிருந்து மெடவாரின் கவனம் தோலின்மேல் திரும்பியது. பிறகு அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரிக்குச் சென்று, தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தார்.

அங்கே தீக்காயத்தோடு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவளுடைய சொந்தத் தோலைச் சிறு துண்டுகளாகச் சில இடங்களில் வைத்தார்கள். அவளுடைய உடன்பிறந்தவனின் தோலை வேறு சில இடங்களில் வைத்தார்கள். முதல் சில நாள் இரண்டுமே நன்றாகப் பிடித்தன. பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் நாளாக ஆக அவள் தோல் வளர்ந்தது. உடன்பிறந்தவன் தோல் அழிந்தது. பதினைந்து நாள் கழித்து அதே உடன்பிறந்தவனிடமிருந்து மறுபடியும் தோல் எடுத்து வைத்தார்கள். இந்த இரண்டாம் முறை தோல் முதல் தடவையைவிட வெகு விரைவாக அழிந்துபோனது.

இந்த விரைவில்தான் விஷயமே இருக்கிறது. தோல் சத்துக் குறைவால் அழிந்திருந்தால், முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரே கால அளவு பிடித்திருக்கும். இரண்டாம் முறை விரைந்து அழிந்தது என்றால், உடம்பு முதல் தோலை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ஒரு முறை வந்த அம்மையை உடம்பு நினைவில் வைத்து மறுமுறை தடுப்பது போலவே, அயல் தோலையும் அடையாளம் வைத்து எதிர்க்கிறது. இதை அவ்விருவரும் 1943-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே மெடவார் முயல்களில் சோதித்து இதை உறுதிப்படுத்தினார்.

உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது? காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் அணு ஒவ்வொன்றின்மேலும், இரத்தச் சிவப்பணு தவிர, ஒரு வகைப் புரத அடையாளம் இருக்கிறது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உடம்பெங்கும் சுற்றி வந்து இந்த அடையாளத்தைச் சரிபார்க்கின்றன. தம் பேரேட்டில் இல்லாத அடையாளம் தென்பட்டால், பெருகித் திரண்டு வந்து அந்த அணுவைக் கொல்கின்றன. கிருமியிடமிருந்து நம்மைக் காப்பதும் இதே காவல்தான். அந்தக் காவலுக்குத் தாயின் தோல் என்றும் தெரியாது, தம்பியின் தோல் என்றும் தெரியாது. தன்னுடையதா, அயலானதா என்பது மட்டுமே தெரியும்.

இந்த அடையாளத்தில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் பிள்ளைக்கு வருகிறது. ஆகவே தாயின் அடையாளம் பிள்ளையோடு பாதிதான் ஒத்துப்போகும். தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே தோலுக்கும் பொருந்திவிடுகிறது. உடன்பிறந்தவர்களில் ஒருவரோடு ஒருவர் முக்கிய அடையாளங்கள் முழுவதும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி ஒத்திருந்தாலும், வேறு சிறு அடையாளங்கள் மாறுபடுவதால், அந்தத் தோல் சில நாள் கூடுதலாகத் தாங்குமே தவிர நிலைத்திருக்காது.

"இரத்தம் மட்டும் ஒருவர் கொடுத்து ஒருவர் ஏற்றுக்கொள்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சிவப்பணுவில் இந்த அடையாளம் இல்லாததால், இரத்தப் பிரிவு பொருந்தினால் போதும். மேலும் ஏற்றிய சிவப்பணு சில மாதத்தில் தேய்ந்துபோவதே. அது அங்கேயே தங்கி வாழ வேண்டியதில்லை. தோலோ உயிரோடு ஒட்டி வாழ வேண்டும். அதுவுமன்றித் தோல் உடம்பின் எல்லைச் சுவர். கிருமியைப் பிடிக்கும் காவலணுக்கள் அதில் நிறைய இருக்கின்றன. அதனால் உடம்பின் எல்லா உறுப்புகளிலும் தோலைத்தான் பிறர் உடம்பு மிகக் கடுமையாக எதிர்க்கிறது.

இனி, இந்த எதிர்ப்பைத் தடுக்க அறிஞர்கள் கண்ட வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி இயற்கை தந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு அடையாளங்கள் எல்லாம் ஒன்றே. அவர்களில் ஒருவர் தோலை மற்றவர் உடம்பு தன் தோலாகவே ஏற்கும். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டார். அறுவைக்கு முன் இருவரும் ஒரே கருவின் பிள்ளைகள்தானா என்று பார்க்க அவர் செய்த சோதனைகளில் ஒன்று, ஒருவர் தோலில் சிறு துண்டை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தது. தோல் பிடித்தது, சிறுநீரகமும் பிடித்தது. ஆனால் எத்தனை பேருக்கு இப்படி ஓர் இரட்டைப் பிறப்பு இருக்கும்?

இரண்டாவது வழி, உடம்பைப் பழக்குவது. இரட்டைக் கன்றுகளுக்கு ஒன்றின் தோலை மற்றதற்கு வைத்து மெடவார் ஆராய்ந்தபோது, வெவ்வேறு கருவில் உருவான கன்றுகள்கூட ஒன்றின் தோலை மற்றது ஏற்றன. காரணம், தாய்ப்பசுவின் வயிற்றிலேயே அவற்றின் இரத்தம் ஒன்றோடொன்று கலந்திருந்தது. பிறப்பதற்கு முன்பே அறிமுகமானதை உடம்பு தன்னுடையதாகவே எண்ணுகிறது. 1953-ஆம் ஆண்டில் மெடவாரும் அவருடைய கூட்டாளிகளும் பிறவா எலிக் குஞ்சுகளுக்கு வேறு வகை எலியின் அணுக்களைச் செலுத்தி, பின்னால் அவை அந்த வகை எலியின் தோலை ஏற்பதைக் காட்டினார்கள். 1960-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காக மெடவாருக்கும், ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட்டுக்கும் வழங்கப்பட்டது. இது பெரிய உண்மை. ஆனால் தீ சுடும் என்று முன்கூட்டியே அறிந்து எந்தப் பிள்ளையையும் வயிற்றிலேயே பழக்கி வைக்க முடியாதல்லவா?

மூன்றாவது வழி, மருந்தால் காவலை அடக்குவது. நார்வே நாட்டு மேட்டு நிலத்து மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து 'சைக்ளோஸ்போரின்' என்ற மருந்து கிடைத்தது. 1980-களில் அது புழக்கத்துக்கு வந்தபின் சிறுநீரகம், ஈரல், இதயம் மாற்றி வைத்தவர்கள் பலர் நெடுநாள் வாழத் தொடங்கினார்கள். இன்று இதுபோன்ற மருந்துகள் பல உள்ளன. அவற்றின் துணையால் பிறர் தோலும் நிலைக்கும். 1998-ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் ஒருவருக்கு இறந்தவரின் கை பொருத்தப்பட்டது. தோலும் தசையுமாக அது பிடித்தது. ஆனால் அவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. தோல் கெட்டு, 2001-ஆம் ஆண்டில் அந்தக் கையை அகற்ற வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மருந்து வாழ்நாள் முழுவதும் வேண்டும். காவலை அடக்கினால் கிருமிக்கும் வாசல் திறந்துவிடும். தீக்காயக்காரருக்கோ கிருமிதான் முதல் எதிரி. வீட்டுக் கூரை எரிந்து கிடக்கும்போது காவல்காரனையும் தூங்க வைப்பது புத்திசாலித்தனமா? ஆகவேதான் தீக்காயத்துக்குத் தோல் வைக்கும்போது இந்த மருந்தைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை.

நான்காவது வழிதான் இன்று பல உயிரைக் காக்கிறது. அது எதிர்ப்பை வெல்லும் வழியன்று; எதிர்ப்பு வருவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும் வழி. பிறர் தோல் இரண்டு மூன்று வாரம் தாங்குமல்லவா? பெரிய தீக்காயத்தில் உடம்பே தளர்ந்திருப்பதால் சில வேளைகளில் இன்னும் சில நாள் தாங்கும். அந்த நாள்களுக்கு அது இரவல் போர்வை. நீர் வடியாமல், கிருமி புகாமல், வலி குறையக் காக்கும். அதற்குள் நோயாளியின் தொடையில் தோல் எடுத்த இடம் ஆறிவிடும்; அங்கிருந்தே மறுபடியும் எடுக்கலாம். இரவல் போர்வையைக் கழற்றிக்கொண்டே சொந்தப் போர்வையைப் போர்த்தி வருகிறார்கள். சில இடங்களில் சொந்தத் தோலை அகல விரித்த வலையாகக் கீழே வைத்து, அதன்மேல் பிறர் தோலை மூடுகிறார்கள். அடியில் சொந்தத் தோல் வளர வளர, மேலே உள்ளது கழன்று விழுகிறது.

இந்தத் தோல் எங்கிருந்து வருகிறது? இறந்தவர்கள் கொடையாகத் தந்ததிலிருந்து. அதை உறைகுளிரிலோ கிளிசரினிலோ பதப்படுத்தித் தோல் வங்கிகளில் வைத்திருக்கிறார்கள். கிளிசரினில் ஊறிய தோலின் அணுக்கள் இறந்துவிடுவதால் எதிர்ப்பும் சற்றுக் குறைகிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1998-ஆம் ஆண்டில் இத்தகைய வங்கி தொடங்கப்பட்டது.

ஐந்தாவது வழி, எதிர்ப்பைக் கிளப்பும் அணுக்களை நீக்கிவிடுவது. பிறர் தோலின் மேல்தோலை உரித்து, உள்தோலின் அணுக்களையும் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நார்ப் பின்னல். அதில் அயல் அணு இல்லாததால் உடம்பு அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. பந்தல்போல அது நிற்க, அதன்மேல் சொந்த அணுக்கள் கொடிபோலப் படர்கின்றன.

ஆறாவது வழி, சொந்தத் தோலையே வளர்ப்பது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்பவரும் ஜேம்ஸ் ரைன்வால்டு என்பவரும் மேல்தோல் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறையைக் கண்டார்கள். 1983-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஐந்து வயதும் ஆறு வயதுமான இரு சகோதரர்கள், உடம்பு ஏறக்குறைய முழுவதும் வெந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய அக்குளில் தப்பியிருந்த சிறு துண்டுத் தோலை எடுத்து வளர்த்து, ஏறத்தாழப் பாதி உடம்பை அதனால் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் இப்படி வளர்க்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை புண்ணை எதைக்கொண்டு மூடுவது? மறுபடியும் இரவல் தோல்தான். புதிய வழி வந்தபின்னும் பழைய வழியின் தேவை போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நேயர்களே, இவற்றிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு.

ஒன்று. தீயோ வெந்நீரோ பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். கிச்சாப், பற்பசை, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். மேலோட்டமான புண் ஆழமாகிவிடாமல் காப்பது பெரும்பாலும் அந்த முதல் இருபது நிமிடமே. புண் ஆழமாகாவிட்டால் தோலே ஒட்ட வேண்டியதில்லை.

இரண்டு. நோயாளியின் தொடையிலிருந்து தோல் எடுக்க டாக்டர் கேட்டால் தயங்காதீர்கள். நிலைத்து நிற்கப்போவது அந்தத் தோல் ஒன்றுதான். பிறர் தோல் வைத்து, சில வாரத்தில் அது கருத்துக் கழன்றால், "வைத்தியம் கெட்டுவிட்டது" என்று அலறாதீர்கள். அது தன் வேலையை முடித்துக்கொண்டு போகிறது.

மூன்று. சிறுநீரகம் மாற்றி வைத்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் மருந்தை ஒருநாளும் நிறுத்த விடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துகிற அன்றுதான் காவல் விழித்துக்கொள்ளும்.

நான்கு. தோல் கொடை. நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இறந்தவரின் உறுப்பும் திசுவும் கொடையாகப் பெற வழி செய்கிறது. தோலும் அதில் சேர்ந்ததே. "உடம்பை உரித்துவிடுவார்கள்" என்று நம்மவரில் பலர் அஞ்சுகிறார்கள். உண்மை அப்படியல்ல. முதுகிலும் தொடையிலும் இருந்து மெல்லிய ஏட்டளவு சீவி எடுக்கிறார்கள், முகத்தைத் தொடுவதில்லை. எடுத்தபின் கட்டுப் போட்டு, மரியாதையோடு ஒப்படைக்கிறார்கள். வேட்டி சேலை உடுத்தி, வழக்கம்போல் எல்லாச் சடங்கும் செய்யலாம். ஆனால் சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே இதை முடிவு செய்வது எந்தக் குடும்பத்துக்கும் கடினம். வீட்டார் சம்மதியாவிட்டால் இறந்தவர் விரும்பியிருந்தும் நடவாது போகும். ஆகவே எல்லாரும் நலமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு நாளில் இதைப் பற்றிப் பேசி வையுங்கள். கொடுப்பதும் கொடாததும் உங்கள் விருப்பம். தெரிந்து முடிவு செய்யுங்கள் என்பதே நாம் கேட்டுக்கொள்வது.

இறந்தவர் ஒருவரின் தோல் இன்னொருவர் உடம்பில் சில வாரமே தங்குகிறது. அந்தச் சில வாரத்தில் ஒரு பிள்ளை பிழைத்துவிடுகிறது. நிலைக்காத பொருளையும் நிலைத்த பயனாக்க முடியும் என்பதை மருத்துவம் நமக்குக் காட்டியிருக்கிறது.